மிருதுளா ஆவி பிடித்த கோடை

தம்பி, ஒரு விடுகதை போடட்டுமா? குன்னூர் போய்ச் சேர இன்னும் நேரம் இருக்கிறது.

வீட்டுக்காரிக்குத் தெரியாது, விருந்தாளிக்குத் தெரியும். கதவைச் சாத்தினாலும் போகாது, கதவைத் திறந்தால் முன்னால் வந்து நிற்கும். அது என்ன?

யோசியுங்கள். ஜன்னலைத் திறந்துகொண்டுதான் யோசிப்பீர்களா? சரி, திறந்துகொள்ளுங்கள். கல்லாறு தாண்டினால் சாரல் அடிக்கும், அப்போது மூடிக்கொள்ளலாம். இந்த பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கெல்லாம் ஏனோ காற்று தேவைப்படுகிறது. போன முறை ஒரு டீச்சர் வந்தார். அவரும் மழையோடு மழையாக ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டுதான் வந்தார். பாவம், சேலை முழுக்க நனைந்துவிட்டது.

நிழலா? இல்லை. எலியா? எலி இருந்தால் வீட்டுக்காரிக்குத்தானே முதலில் தெரியும். நான் திருடன் என்று சொன்னேன். அதுவும் இல்லையாம். என்னிடம் இந்த விடுகதையைப் போட்டவள் என் தம்பி மகள் மிருதுளா. ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். என் வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில், பல் தேய்த்துக்கொண்டே போட்டாள். விடையையும் அவளே சொன்னாள். வீட்டு வாசனையாம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வாசனை உண்டாம். உள்ளேயே இருக்கிறவர்களுக்கு அது தெரியாதாம்.

"அப்படியா? நம்ம வீட்டுல என்ன கண்ணு வாசனை?" என்று கேட்டேன்.

"தைலம் அத்தை."

"அது வாசனை இல்லை கண்ணு. அது மருந்து" என்றேன். விடுகதை என்றால் விடை சரியாகப் பொருந்த வேண்டும். இது பொருந்தவில்லை. உங்களுக்கும் பொருந்தவில்லைதானே? நீங்கள் தலையாட்டுவது எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. போகட்டும்.

என் பெயர் தனபாக்கியம். குன்னூரில் தனபாக்கியம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. தைலக்காரம்மா என்றால் ஆட்டோக்காரர் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். இடம் தெரியாத புது ஆட்டோக்காரர்கூட தெருமுனைக்கு வந்ததும் தானாகவே எங்கள் தெருவுக்குள் திரும்பிவிடுவார். அவ்வளவு பேர் எடுத்த கடை. என் வீட்டுக்காரர் வைத்தது. முன்னால் கடை, நடுவில் ஒரு திரை, திரைக்குப் பின்னால் வீடு. யூகலிப்டஸ் தைலம், மூட்டுவலிக்கு விண்டர்கிரீன் தைலம், எலுமிச்சைப்புல் தைலம், பல்வலிக்குக் கிராம்புத் தைலம் எல்லாம் உண்டு. அவர் காலமானபின் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எங்களுக்குப் பிள்ளை கிடையாது. அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. விஷயம் புரிவதற்காகச் சொல்கிறேன்.

என் தம்பி மயில்சாமி திருப்பூரில் பனியன் துணி வெட்டித் தைத்துக் கொடுக்கிறான். இப்போது அவன் வீட்டிலிருந்துதான் வருகிறேன். கீழே மெஷின், மாடியில் குடித்தனம். அங்கே காற்றில் எப்போதும் பஞ்சு பறந்துகொண்டிருக்கும். சோற்றில் பஞ்சு, தலையில் பஞ்சு, தலையணை உறைக்கு வெளியிலும் பஞ்சு. மிருதுளாவுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். மூச்சை வெளியே விடும்போது தூரத்தில் யாரோ விசில் அடிப்பது மாதிரி ஒரு சத்தம் வரும். அங்கே டாக்டர் அவளுக்கு ஒரு பம்ப் கொடுத்திருந்தார். நீல நிறம். வாயில் வைத்து அழுத்தி உள்ளே இழுக்க வேண்டும்.

இந்த வருடம் தம்பி போன் பண்ணினான். "அக்கா, பாப்பாவை உங்ககிட்டயே விடலாம்னு இருக்கேன். மலைக்காத்து, நல்ல ஸ்கூலு. லீவுக்கு வரட்டும். ஒத்துக்கிச்சுன்னா ஜூன்ல அங்கயே சேத்திரலாம்" என்றான்.

ஒத்துக்கொண்டால் அவள் என்னோடுதான் இருப்பாள். பன்னிரண்டாவது வரைக்கும் இருப்பாள். நான் போனை வைத்துவிட்டு நேரே போய் உள்ளறையிலிருந்த காலிப் பாட்டில்களையெல்லாம் எடுத்து நடுவறையில் அடுக்கினேன். அவளுக்கென்று ஒரு கட்டில் வாங்கினேன். மேசை வாங்கினேன். ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை தைத்துப் போட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் போய் யூனிபார்ம் என்ன நிறம் என்று கேட்டு, துணியும் எடுத்துவிட்டேன். கடைக்காரர் "அளவு?" என்று கேட்டார். "வளர்ற பிள்ளை, கூடவே கொடுங்க" என்றேன்.

என் தம்பி பெண்டாட்டி கோகிலாவுக்கு இதில் அவ்வளவு இஷ்டமில்லை. அவளாகவே பையில் எடுத்துவைத்த முதல் சாமான் அந்தப் பம்ப். "அண்ணி, இது எப்பவும் அவ கையிலயே இருக்கட்டுங்க" என்றாள். நான் ஒன்றும் பிடுங்கி வைக்கிற ஆள் இல்லை. "இருக்கட்டும் கோகிலா. ஆனா முதல்ல நம்ம தைலத்தைப் பார்ப்போம். இந்தத் தைலத்தை வாங்கத்தான் டில்லியிலிருந்து ஆள் வருது. எங்க வீட்டுப் பிள்ளை பிளாஸ்டிக்கை உறிஞ்சிக்கிட்டு உட்கார்ந்திருக்கணுமா?" என்றேன். நியாயமான பேச்சுதானே?

ஆக, அவள் குன்னூர் வந்த மறுநாளே ஆரம்பித்துவிட்டோம். காலையில் ஒரு பாத்திரம் வெந்நீர், அதில் தைலம். தலைக்கு மேலே போர்வையைப் போட்டு ஆவி பிடிக்க வேண்டும். சாயங்காலமும் அப்படியே. தலையணையில் கொஞ்சம் தெளிப்பது. கைக்குட்டையில் நனைத்து மடித்துக் கொடுத்துவிடுவது. படுக்கும்போது கட்டிலுக்கு அடியில் ஒரு கிண்ணம்.

மிருதுளா நல்ல மரியாதை தெரிந்த பிள்ளை. ஒரு நாள்கூட மாட்டேன் என்று சொன்னதில்லை. போர்வைக்குள்ளிருந்து "போதும் அத்தை" என்பாள். குழந்தைகள் போதும் என்றால் இன்னும் கொஞ்சம் போகும் என்று அர்த்தம். சோறு போடும்போதும் அப்படித்தானே? நானும் இன்னும் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக்கொள்வேன்.

போர்வையை எடுத்ததும் நேரே குளியலறைக்குப் போவாள். குழாயைத் திறந்துவிடுகிற சத்தம் கேட்கும். எங்கள் குளியலறையில் பெரிய ஜன்னல் ஒன்று இருக்கிறது, பள்ளத்தாக்கைப் பார்த்த மாதிரி. கொஞ்ச நேரம் கழித்து வெளியே வருவாள். மூச்சு சீராக இருக்கும். விசில் நின்றிருக்கும். தைலம் உள்ளே இறங்கி வேலை செய்ய அந்த அவகாசம் வேண்டும். எத்தனை பேருக்கு இது தெரியும்? ஆவி பிடித்த கையோடு குணம் தெரியவில்லை என்று பாட்டிலைக் குறை சொல்லிவிடுவார்கள்.

பகலில் அவள் வீட்டில் இருக்கமாட்டாள். ஸ்டேஷனில் போய் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள். மலை ரயில் வரும், போகும், அதைப் படம் வரைவாள். திரும்பி வரும்போது முகத்தில் ஒரு களை இருக்கும். "கைக்குட்டையை மோந்து பாத்தியா கண்ணு?" என்று கேட்பேன். "பையில இருக்கு அத்தை" என்பாள். பையில் இருந்தே அவ்வளவு வேலை செய்திருக்கிறது. தினமும் புதிதாக நனைத்துக் கொடுப்பேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இப்போதெல்லாம் தைலத்தில் சத்து இல்லை. எங்கள் தொழிலில் தைலத்தை மூக்கால்தான் சோதிப்போம். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, தேய்த்து, இரண்டு கையையும் குவித்து மோந்து பார்க்க வேண்டும். கல்யாணமாகி வந்த புதிதில் அப்படி மோந்தால் எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டும். மண்டை வரைக்கும் ஏறும். வருடம் போகப் போக அது குறைந்துகொண்டே வந்தது. இப்போது கையைக் குவித்து மோந்தால் என் கைதான் தெரிகிறது. அத்தனையும் கலப்படம்.

எனக்குத் தைலம் கொண்டுவருகிறவர் போஜன். கேத்திப் பக்கம் இலை காய்ச்சுகிற கொட்டகை வைத்திருக்கிறார். நான் அவரை முகத்துக்கு நேராகவே கேட்டேன்.

"ஏன் போஜன், என்னத்தைக் கலக்கறீங்க?"

"ஐயோ அக்கா, இலையைத் தவிர எதுவும் இல்லை."

"இந்தாங்க, நீங்களே மோந்து பாருங்க" என்று கையைக் குவித்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். அவருக்குக் கண்ணிலிருந்து தண்ணீராகக் கொட்டிற்று. பேச முடியவில்லை. திரும்பி நின்று துடைத்துக்கொண்டார். மனசாட்சி உள்ள மனிதர். அதனால் அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

சத்து குறைந்திருப்பது தெரிந்தபின் பழைய அளவிலேயே குழந்தைக்குக் கொடுக்க முடியுமா? என் வீட்டுக்காரர் காலத்துக்கு ஒரு சொட்டு என்றால் இப்போதைய தைலத்துக்கு ஒரு மூடியாவது வேண்டும். எனக்குக் கொஞ்சமாவது தெரிகிற அளவுக்கு ஊற்றுவேன். எனக்குத் தெரிவதற்குள் பாட்டிலில் பாதி போயிருக்கும். வியாபாரத்துக்கு நஷ்டம்தான். ஆனால் நம் பிள்ளை.

அதோ, பர்லியார் வந்துவிட்டது. பஸ் இங்கே நிற்கும். இறங்கி டீ குடிக்கிறதானால் குடித்துவிட்டு வாருங்கள். நான் பையைப் பார்த்துக்கொள்கிறேன்.

வந்துவிட்டீர்களா. நீங்கள் ஒருவர்தான் பழைய இடத்துக்கு வந்தீர்கள். முன்சீட்டு அம்மாவும் அவர் பையனும் பின்னால் போய்விட்டார்கள். வயதானவள் காலை நீட்டிக்கொள்ளட்டும் என்று நினைத்திருப்பார்கள். ஜனங்களிடம் இன்னும் இரக்கம் இருக்கிறது. உங்களுக்கு வளைவு ஒத்துக்கொள்ளவில்லையோ, முகம் வெளிறி இருக்கிறதே. கைக்குட்டையைக் கொடுங்கள், ஒரு சொட்டு விட்டுத் தருகிறேன். வேண்டாமா? வற்புறுத்தவில்லை.

மே மாதம் எங்களுக்கு சீசன். மலர்க் கண்காட்சி பார்க்க வருகிற கூட்டம் முழுக்கத் தைலக்கடைக்கு வரும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நல்ல மழை. கடைக்குள் நிற்க இடமில்லை. போஜன் ஒரு டிரம் தைலம் இறக்கிவிட்டுப் போயிருந்தார். பாட்டிலில் ஊற்ற முன்னால் இடமில்லாததால் உள்ளறையில் வைத்து ஊற்றினேன். மிருதுளா மேசையில் வரைந்துகொண்டிருந்தாள். சாரல் அடித்ததால் ஜன்னலைச் சாத்தியிருந்தேன்.

"அத்தை, நான் ஸ்டேஷனுக்குப் போறேன்."

"இந்த மழையிலயா? நனைஞ்சா மூச்சு இழுக்கும். உட்காரு."

உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அத்தை, நான் வாசல்ல நிக்கறேன்" என்றாள். "வாசல்லயும் சாரல்தான் கண்ணு" என்றேன். எனக்குப் புனலைப் பிடித்துக்கொண்டு பேச நேரமில்லை.

அப்புறம் அந்த விசில் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். இரண்டு கையையும் மேசையில் ஊன்றிக்கொண்டு தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கினாள். பையிலிருந்து பம்ப்பை எடுத்து அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை. குலுக்கி மறுபடி அழுத்தினாள். தீர்ந்துபோயிருந்தது.

"அதை விடு, அத்தை இருக்கேன்" என்றேன். வெந்நீர் வைத்தேன். பாட்டிலைக் கவிழ்த்தேன். போர்வையைப் போட்டேன். போர்வைக்குள் விசில் சத்தம் பெரிதாகி, பிறகு சின்னதாகி, நின்றேபோயிற்று. குணமாகிவிட்டது என்று நினைத்துப் போர்வையை எடுத்தேன். உதடு நீலமாக இருந்தது. என்னைப் பார்த்தாள். பேச வாயைத் திறந்தாள், பேச்சு வரவில்லை. அவள் பேசாமல் நான் பார்த்ததே இல்லை.

நான் கடையை அப்படியே விட்டுவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கடையில் நின்ற ஆட்களிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. கல்லாப்பெட்டி திறந்தே கிடந்திருக்கிறது. ஆட்டோவில் போகும்போதும் நான் சும்மா இருக்கவில்லை. கைக்குட்டையை நன்றாக நனைத்து மூக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேதான் போனேன். அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினாள். நானும் கையை அந்தப் பக்கம் கொண்டுபோனேன்.

குழந்தை டாக்டரம்மா ஒருவர் இருக்கிறார். அவர் கிளினிக்குக்குத்தான் கொண்டுபோனேன். அந்த அம்மா வந்ததும் முதலில் செய்தது என்ன தெரியுமா? என் கையிலிருந்த கைக்குட்டையைப் பிடுங்கி ஜன்னல் வழியே வெளியே எறிந்தார். சுத்தமான வெள்ளைக் கைக்குட்டை. நர்ஸ் ஜன்னல்களையெல்லாம் திறந்தாள். குழந்தை முகத்தில் மாஸ்க்கை மாட்டி நெபுலைசர் வைத்தார்கள். புகை மாதிரி வந்தது. அதுவும் ஆவிதானே என்று கேட்டேன்.

"நீங்க கொஞ்சம் வெளியே நில்லுங்கம்மா" என்றார் டாக்டர்.

"நான் அவளோட அத்தைங்க."

"தெரியுது. வெளியே நில்லுங்க."

வராந்தாவில் மழையில் நின்றேன். கூரை இருந்தது, ஆனால் சாரல் இந்தப் பக்கம்தான் அடித்தது. உள்ளே நெபுலைசர் இரைகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். திருப்பூர்ச் சாமி, குன்னூர்ச் சாமி, வழியில் இருக்கிற சாமி எல்லாரையும். அவள் திரும்பப் பேசினால் போதும், வேறு எதுவும் கேட்கமாட்டேன் என்று சொன்னேன்.

பேசினாள். வராந்தா வரைக்கும் கேட்டது. "அத்தை நனையறாங்க" என்றாள்.

பிறகு டாக்டர் என்னிடம் பேச வராந்தாவுக்கே வந்தார். நல்ல தூரம் தள்ளி நின்றுதான் பேசினார். பேசும்போது அவருக்கும் கண் கலங்கியிருந்தது. குழந்தைகளிடம் அவ்வளவு பாசம்.

"தினமும் எவ்வளவு தைலம் கொடுத்தீங்க?"

சொன்னேன். கலப்படத்தையும் சொன்னேன்.

அவர் பொறுமையாகவே விளக்கினார். தைலத்தை மோந்தால் மூக்குக்குள் குளிர்ச்சி தெரியும், மூச்சு விட்ட மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே மூச்சுக்குழாய் சுருங்கியிருந்தால் அதைத் திறக்கிற வேலையை இது செய்யாதாம். சிலருக்கு இந்த நெடியே ஆகாதாம். நெடி பட்டவுடன் குழாய் இன்னும் சுருங்கிக்கொள்ளுமாம். மிருதுளாவுக்கு அப்படியாம். "அவள் இருக்கிற வீட்டில் இந்தத் தைலம் இருக்கக்கூடாதும்மா. துணியிலும் இருக்கக்கூடாது" என்றார்.

"அப்படின்னா இத்தனை நாளா ஆவி பிடிச்சதும் குணமாச்சே?" என்று கேட்டேன். விடுவேனா?

டாக்டர் உள்ளே போய் மிருதுளாவிடம் பம்ப் எப்போதெல்லாம் எடுத்தாய் என்று கேட்டார். அவள் ஒளிக்கவில்லை. ஒவ்வொரு தடவை ஆவி பிடித்த பிறகும் குளியலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, ஜன்னல் பக்கம் நின்று எடுத்தாளாம். காலையும் மாலையும். அதனால்தான் சீக்கிரம் தீர்ந்துவிட்டது. தீர்ந்ததை என்னிடம் சொல்லியிருக்கலாம்.

"ஏன் கண்ணு அத்தைகிட்ட மறைச்சே?" என்று வாசலில் நின்றபடியே கேட்டேன்.

"நீங்க வருத்தப்படுவீங்கன்னு" என்றாள்.

நான் டாக்டரிடம் சொன்னேன், பாருங்கள், இரண்டும் சேர்ந்துதான் குணமாக்கியிருக்கிறது என்று. அவர் மருந்துச் சீட்டு எழுத உட்கார்ந்துவிட்டார். டாக்டர்களுக்கு ஒத்துக்கொள்ள மனசு வராது.

இரண்டு நாள் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். நான் அதற்குள் வீட்டை மாற்றிவிட்டேன். பாட்டில், டிரம், புனல் எல்லாவற்றையும் திரைக்கு முன்னால் கடைப் பக்கம் தள்ளினேன். மெத்தையை வெயில் வந்த நேரத்தில் வெளியே போட்டுக் காயவைத்தேன். தலையணையை மாற்றினேன். பூப்போட்ட திரையைத் துவைத்தேன். தரையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். பிறகு நடுவில் நின்று நன்றாக மூச்சை இழுத்துப் பார்த்தேன். துளி வாசனை இல்லை. சந்தேகமில்லாமல் இருக்கட்டும் என்று தபால்காரப் பெண்ணைக் கூப்பிட்டு, "உள்ளே ஏதாவது வாசனை வருதாம்மா?" என்று கேட்டேன். அவள் வாசலில் நின்றபடியே, "நான் இன்னும் உள்ளேயே வரலையேம்மா" என்றாள். பிறகு தும்மினாள். அவளுக்குச் சளி.

தம்பியும் கோகிலாவும் வந்தார்கள். மிருதுளாவை நேரே கிளினிக்கிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தார்கள். கோகிலா படியேறும்போதே முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். குழந்தையை உள்ளே விடவில்லை. எல்லாரும் வாசலுக்கு எதிரே சுவரோரம் நின்றுதான் பேசினோம். தெருவில் போகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள்.

"அண்ணி, என் பிள்ளை துணி, புஸ்தகம், தலைமுடி எல்லாம் அந்த நெடிதாங்க. வாங்கின பம்ப் இத்தனை சீக்கிரம் தீர்ந்ததே இல்லைங்க" என்றாள் கோகிலா.

"உன் வீட்டுல பஞ்சு பறக்கலையா? அதனாலதானே இங்க கொண்டாந்து விட்டீங்க?" என்றேன்.

"பஞ்சுக்கு நாங்க பாதி ராத்திரி எந்திரிச்சு ஆஸ்பத்திரி போயிருக்கோம். உதடு நீலமாயி போனதில்லைங்க."

தம்பி எதையாவது பேசி முடிக்க வேண்டுமே என்று, "அக்கா, ஸ்கூல்ல ஹாஸ்டலும் இருக்குதாம். வார்டன்கிட்ட விசாரிச்சேன்" என்றான்.

"அத்தை உயிரோட இருக்கறப்ப ஹாஸ்டலா?" என்றேன் நான்.

"பெத்தவ இருக்கறப்ப ஹாஸ்டலா?" என்றாள் கோகிலா.

அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

நான் விடவில்லை தம்பி. உள்ளே போய் யூனிபார்மை எடுத்துக்கொண்டு வந்து காட்டினேன். தைத்து வாங்கியாகிவிட்டது. "கட்டில் போட்டிருக்கேன், மேசை போட்டிருக்கேன், வீட்டைக் கழுவி விட்டிருக்கேன். இனிமே ஒரு சொட்டு உள்ளே வராது. பம்ப்பை நானே டப்பா டப்பாவா வாங்கி வைக்கறேன். எனக்குன்னு யாரு இருக்கா மயிலு?" என்றேன். கடைசி வார்த்தையைச் சொல்லவேண்டும் என்று நினைக்கவில்லை. வந்துவிட்டது. கோகிலா அந்த யூனிபார்மைக் கையில் வாங்கினாள். முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்தாள். பிறகு மடித்து என்னிடமே கொடுத்துவிட்டாள்.

கடைசியில் தம்பிதான் சொன்னான். "அவளையே கேட்டுறலாம்."

நான் சம்மதித்தேன். என்னைவிட்டுப் போகமாட்டாள் என்று எனக்குத் தெரியும். மழையில் நான் நனைகிறேன் என்று மாஸ்க்குக்குள்ளிருந்து சொன்னவள் அவள். கோகிலாவும் சம்மதித்தாள். பெற்றவள் இல்லையா, தன்னோடுதான் வருவாள் என்று அவளுக்கும் தெரியும்.

மிருதுளா சுவர்மேல் உட்கார்ந்திருந்தாள். கையில் புது பம்ப். முதலில் அவள் அப்பாவைக் கேட்டாள்.

"அப்பா, மெஷினைக் கீழ இருந்து வேற இடத்துக்கு மாத்துவீங்களா?"

"இந்த ஆர்டர் முடியட்டும் கண்ணு. அப்புறம் பாக்கலாம்."

"போன வருசமும் அதான்ப்பா சொன்னீங்க."

அவன் கீழே பார்த்தான். சட்டைக் காலரில் பஞ்சு ஒட்டியிருந்தது. அதை எடுத்துப் போட்டான்.

பிறகு என்னைக் கேட்டாள். "அத்தை, கடையை வீட்டுல இருந்து தள்ளி வேற எங்கயாவது வைப்பீங்களா?"

"கடையும் வீடும் ஒண்ணுதானே கண்ணு. மாமா வெச்ச இடம். நடுவுலதான் திரை இருக்கே" என்றேன். உள்ளதைத்தான் சொன்னேன். குழந்தையிடம் பொய் சொல்லலாமா?

"திரை வழியா வரும் அத்தை."

"வரல கண்ணு. நான் மோந்து பார்த்தேன்."

அவள் என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். எந்தப் பக்கம் ஆட்டினாள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு தம்பி, அதை யாரிடமும் சொன்னதில்லை. போஜன் நல்ல தைலமாகக் கொடுத்திருந்தால் நான் அவ்வளவு ஊற்றியிருக்கவே மாட்டேன்.

கோகிலா அவள் தலையைத் தடவி, "சொல்லு தங்கம், திருப்பூரா, குன்னூரா?" என்று கேட்டாள்.

மிருதுளா சுவரிலிருந்து இறங்கினாள். பம்ப்பைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

"ஹாஸ்டல்" என்றாள். "ஞாயித்துக்கிழமை எல்லாரும் வாங்க. வெளிய மரத்தடியில உட்கார்ந்து பேசிக்கலாம்" என்றாள்.